மொய் நோட்டில் பேரில்லாதவர்கள்

2020 ஏப்ரல் மாதம். ஊரடங்கு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்தன. எந்நேரமும் ஓடும் தையல் மெஷின் சத்தம் நின்றுபோய், தெருவில் காக்கை கத்துவது கேட்டது. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டைக் கேட்டு வாங்கி, தினம் முந்நூறு பொட்டலம் தயிர் சாதம் கட்டி, வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். நாலாம் நாள் ஒரு சந்து முனையில் எங்கள் பொட்டலங்களை நாய்கள் பிரித்துத் தின்றுகொண்டிருந்தன. "ஓசியில குடுத்தா இப்படித்தானுங்க" என்றார் கூட வந்த அண்ணன். எனக்கும் சுருக்கென்றது. அந்த வரிசையின் கடைசி அறையில் இருந்த பீகார்ப் பையன், இருபது வயது இருக்கும், உடைந்த தமிழில் சொன்னான்: "அண்ணா, தயிர்சோறு வயிறு ஒத்துக்கலை. ஆட்டா இருந்தா கொடுங்க. ரொட்டி நாங்களே போட்டுக்குவோம்."

அடுப்பு இருந்தது. கையும் காலும் நன்றாக இருந்தன. நேரம் வேண்டிய மட்டும் இருந்தது. மாவு ஒன்றுதான் இல்லை. மூன்று நாளாக அந்த முந்நூறு பேரில் ஒருவரிடம்கூட "உங்களுக்கு என்ன வேணும்" என்று நாங்கள் கேட்டிருக்கவில்லை.

மனசு இளகுவதைத்தான் நாம் பொதுவாகக் கருணை என்கிறோம். அன்றைக்கு எங்களுக்கு மனசு நன்றாகவே இளகியிருந்தது. அந்த இளக்கத்தில்தான் தினம் முந்நூறு பொட்டலம் கட்ட முடிந்தது. ஆனால் எதிரில் இருப்பவனைக் கண்ணைத் திறந்து பார்க்க அது போதவில்லை. பௌத்தம் கருணை என்று சொல்வது எதை என்று பிற்பாடு படித்தபோதுதான், எங்கே சறுக்கினோம் என்பது ஓரளவு பிடிபட்டது.

பாலி மொழியில், பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் வினய பிடகத்தில், மகாவக்கம் என்ற பகுதியில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. புத்தர் தன் சீடர் ஆனந்தரோடு பிக்குகள் தங்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு போகிறார். ஓர் அறையில் ஒரு பிக்கு வயிற்றுப்போக்கு கண்டு, தன் மலமூத்திரத்திலேயே கிடக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையா என்று புத்தர் கேட்கிறார். இல்லை என்கிறார் பிக்கு. ஏன் என்று கேட்டால் வருகிற பதில் இது: நான் மற்ற பிக்குகளுக்கு எதுவும் செய்தவன் இல்லை, அதனால் அவர்கள் எனக்குச் செய்வதில்லை.

கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் இந்தப் பதிலுக்கு உரை தேவையில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் அப்பாறு, அதாவது தாத்தா, காலத்து மொய் நோட்டிலிருந்து இருக்கிறது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு வைத்தோம், அவர்கள் நம் வீட்டுக் காதுகுத்துக்கு எவ்வளவு வைத்தார்கள், யார் வரவே இல்லை, எல்லாம் அதில் உண்டு. மொய்யை நான் கேவலமாகச் சொல்லவில்லை. வங்கி வாசலை மிதிக்காத காலத்தில் எத்தனையோ வீட்டில் விளக்கேற்றியது அந்த நோட்டுத்தான். எழவு வீட்டில் அடுப்பு எரியாத மூன்று நாளும் ஒறம்பரை, அதாவது உறவுக்கார சனம், பாத்திரம் நிறையச் சோறு கொண்டுவருவதும் இந்தக் கணக்கில்தான். ஆனால் நோட்டில் பக்கமே இல்லாதவனுக்கு என்ன வழி? அந்தப் பிக்குவின் கதை அதுதான்.

ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அப்புறம்தான் மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரணை. உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. ஒருவரை ஒருவர் நீங்கள் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்? எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிட்டு உருகிப்போகிறவர்கள் உண்டு. எனக்கு அதற்கு அடுத்த பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தகுந்தவர் யார் என்று புத்தர் பட்டியல் போடுகிறார். மருந்து கலக்கத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, ஒத்துக்கொள்வதைக் கொடுத்து மற்றதை விலக்க வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் நட்புள்ளத்தோடு செய்ய வேண்டும். மலம், மூத்திரம், எச்சில், வாந்தி எடுக்க அருவருக்கக் கூடாது. நேரம் பார்த்து நாலு நல்ல வார்த்தை பேசி மனசைத் தேற்றத் தெரிய வேண்டும். ஐந்தில் இரண்டு தொழில் திறமை. 'ஒத்துக்கொள்வதைக் கொடு' என்ற விதியை இரண்டாவதாகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தயிர் சாதக் கோஷ்டிக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

இதே கணக்கைத் தமிழில் போட்டுப் பார்த்தவர் மணிமேகலை பாடிய சாத்தனார். மணிபல்லவத் தீவில், அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வருகிற நேரத்தில், தீவைக் காக்கும் தீவதிலகை அவளிடம் சொல்கிறாள்: "ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்." தெம்பு உள்ளவர்களுக்குக் கொடுப்பவர்கள் அறத்தை விலை பேசி விற்கிறவர்கள், ஒன்றும் ஆற்றமாட்டாதவர்களின் பசியைத் தீர்ப்பவர்களிடம்தான் உலகத்தின் மெய்யான வாழ்க்கை இருக்கிறது என்று அது தொடர்கிறது. அதன் பிறகு வருவதுதான் ஊரறிந்த "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே." பின்னால் வருகிற வரியைச் சாப்பாட்டுக் கூடத்தில் பெரிதாக எழுதி வைக்கிறோம். முன்னால் வருகிற வரியை எழுத யாருக்கும் தைரியம் வராது, அதுவும் மொய் எழுதுகிற மேஜைக்கு நேர் மேலே.

அந்தப் பாத்திரத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மதுரையில் ஆபுத்திரன் அதை வைத்துக்கொண்டு ஏழைகளுக்குச் சோறு போடுகிறான். பிறகு இந்திரன் மழையைக் கொட்டி நாட்டைச் செழிக்க வைக்கிறான். பாத்திரத்தைத் தேடி யாரும் வருவதில்லை. கடல் கடந்த சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறியவன், வழியில் ஆளில்லாத மணிபல்லவத்தில் விடப்படுகிறான். தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர் வாழ மனமில்லாமல், பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் கிடந்து சாகிறான். கொடுத்தே பழகியவர்களை உலுக்கிவிடுகிற கதை இது. வாங்குவதற்கு ஆளில்லை என்றால் நாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கொடுப்பவனுக்கு அது சந்தோஷமா, துக்கமா? அன்னதானப் பந்தலில் வெள்ளைச் சட்டையோடு நிற்கும்போது நான் என்னையே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேர்மையான பதில் எப்போதும் வருவதில்லை.

மணிமேகலை சோறு போடுவதோடு நிற்கவில்லை. சிறைச்சாலைக்குள் போய்க் கைதிகளுக்குப் போடுகிறாள். சேதி அரசனுக்குப் போகிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கு என்கிறாள். அவளுடைய கருணை சோற்றில் தொடங்கிக் கட்டிடத்தில் கை வைத்துவிடுகிறது. பிறகு புகாரைக் கடல் கொள்ள, அவள் போய்ச் சேருகிற ஊர் சேரர்களின் வஞ்சி. வஞ்சி என்பது கேரளத்துக் கொடுங்கல்லூரா நம் கரூரா என்று அறிஞர்களிடையே நெடுநாள் வழக்கு. கரூருக்குப் பக்கத்துப் புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர அரசர்களின் பெயரோடு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கரூரில் ஓடும் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசு, இதையெல்லாம் பார்த்தால் நான் கரூர்க் கட்சி. அமராவதிக்காரன் வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்? அந்த வஞ்சியில் மணிமேகலை பல சமயத்து அறிஞர்களின் வாதத்தைக் கேட்கிறாள். அங்கே தவத்தில் இருக்கும் மாசாத்துவான், கோவலனின் தகப்பன், காஞ்சியில் மழையில்லாமல் உயிர்கள் மடிகின்றன, அங்கே போ என்று அனுப்பிவிடுகிறான். தத்துவம் கேட்டது கரூரில், உலை வைத்தது காஞ்சியில்.

கொங்கில் பௌத்தம் எவ்வளவு வேர் விட்டிருந்தது என்பதற்குச் சமணம் அளவுக்குத் தடயம் இல்லை. விஜயமங்கலம், புகழூர் எல்லாம் சமணர் இடங்கள். ஆனால் ஆத்தூர் பக்கம் தியாகனூரில் பெரிய புத்தர் சிலைகள் இருக்கின்றன. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக ஊர் கும்பிட்டு வந்த சிலை புத்தர்தான் என்று தொல்லியல் துறை அறிக்கை தர, 2022ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னது. அதில் யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வி என்பது வேறு பேச்சு. தலை போய், பெயர் போய், மதம் மாறியும் ஒரு சிலை நூற்றாண்டுக் கணக்கில் கும்பிடப்பட்டு உட்கார்ந்திருந்ததே, அது எனக்கு ஆச்சரியம்.

சரி, கருணைக்கு வருவோம். பௌத்தத்தில் அது தனியாக வருவதில்லை, நால்வரில் ஒருவர். மைத்ரி என்பது எல்லா உயிரும் நன்றாக இருக்கட்டும் என்ற நட்பு. கருணை துன்பத்தைக் கண்டால் அதை நீக்க எழுகிற துடிப்பு. முதிதை அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்துத் தானும் மகிழ்வது. உபேட்சை நடுங்காத சமநிலை. 5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் இருந்து விசுத்திமக்கம் என்ற நூலை எழுதிய புத்தகோசர், இந்த நான்குக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்று பிரித்துக் காட்டுகிறார். கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை. அதைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். பக்கத்துப் பகை துக்கம். அது கருணையின் வேட்டியையே கட்டிக்கொண்டு வந்து நிற்கும். செய்திச் சேனலில் ஒரு குழந்தையின் உடலைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்காமல், வேலை ஓடாமல், யாரிடமும் பேசப் பிடிக்காமல் கிடப்போமே, அது கருணை மாதிரியே இருக்கும். ஆனால் அந்தக் குழந்தையின் ஊருக்கு அதனால் ஒரு குடம் தண்ணீர் போகாது. உபேட்சைக்கும் ஒரு பக்கத்துப் பகை உண்டு: ஒன்றும் அறியாத அலட்சியம். "நமக்கெதுக்குங்க ஊர்வம்பு" என்று நம் பக்கம் சொல்வது பல சமயம் அந்த வகைதான்.

இது வெறும் ஏட்டுப் பிரிவினை இல்லை. ஜெர்மனியில் மூளை ஆய்வு செய்யும் தானியா சிங்கர், மத்தியூ ரிக்கார் என்ற பிரெஞ்சு பிக்குவோடும் சாதாரண ஆட்களோடும் பரிசோதனை செய்து பார்த்தார். அடுத்தவர் வலியை அப்படியே தன் வலியாக உணரப் பயிற்சி எடுத்தவர்கள் மனம் சோர்ந்தார்கள். அவர் நன்றாக இருக்கட்டும் என்ற மைத்ரிப் பயிற்சி எடுத்தபோது அந்தச் சோர்வு இறங்கியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்த நர்ஸ் அக்கா யாரையாவது கேட்டுப் பாருங்கள். கூடவே அழுதால் மூன்று மாதம் தாங்காது, மரத்துப்போனால் ஊசி போடுகிற கை கடினமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது என்பார்கள்.

அடுத்து, இன்னும் சிக்கலான விஷயம். கருணை என்றால் ஒரு மனிதர், ஒரு கை, ஒரு பொட்டலம் என்றே நாம் கற்பனை செய்கிறோம். புத்தரின் பேருரைகளில் கூடதந்தன் என்ற பிராமணருக்குச் சொன்ன ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டில் கொள்ளை பெருகிவிட்டது. அரசன் பெரிய வேள்வி செய்ய நினைக்கிறான். புரோகிதர் சொல்கிறார்: கொல்வதாலும் கட்டிவைப்பதாலும் கொள்ளை ஓயாது, மிஞ்சியவன் திரும்ப வருவான். உழுகிறவனுக்கு விதையும் தீவனமும் கொடு, வியாபாரிக்கு முதல் கொடு, ஊழியம் செய்கிறவனுக்குக் கூலி கொடு. அவரவர் வேலையில் அவரவர் இருந்தால் நாடு அடங்கும். விதை, முதல், கூலி. இந்த மூன்று சொல்லையும் கொங்கு நாட்டில் யாரிடம் சொன்னாலும் தலையாட்டுவார்கள். விவசாயி, பாவு ஓட்டுகிற தறிக்காரர், கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண், ஆளுக்கொன்றாக மூன்றும் இங்கேதான் இருக்கின்றன.

அந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதை நொய்யல் காட்டிவிட்டது. வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேருகிற ஆறு. சாயப்பட்டறைக் கழிவு அதில் இறங்கியது. 1992ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது திருப்பூரில் தெருவுக்குத் தெரு கேட்ட பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. "எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டாங்க" என்று இங்கே. "எங்க கெணத்துல சாயத்த ஊத்துனப்ப எங்கீங்க போயிருந்தீங்க" என்று அங்கே. இரண்டு பக்கமும் ஒறம்பரைதான், ஒரே கல்யாணப் பந்தியில் உட்காருகிறவர்கள்தான். கழிவுநீர் துளியும் வெளியே போகாதபடி சுத்திகரிக்க வேண்டும் என்ற விதி வந்து, அந்தச் செலவையும் தாங்கித்தான் தொழில் திரும்ப எழுந்தது.

இதில் யார் மேல் கருணை காட்டுவது? பௌத்தம் கேள்வியையே மாற்றிப் போடுகிறது. மணிமேகலையின் கடைசிப் பகுதியில் வருகிற பன்னிரண்டு நிதானங்கள், அதாவது காரணங்கள், பேதைமையில் தொடங்கி ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுகிற சங்கிலி. இது இருந்தால் அது இருக்கும், இது அற்றால் அது அறும். சட்டையின் விலை, வாங்குகிற நாட்டுக் கடைக்காரரின் பேரம், சாயத்துக்கு ஆகும் தண்ணீர், ஒரத்துப்பாளையத்துத் தென்னை, எல்லாம் ஒரே நூலில் கோத்தவை. எந்தக் கண்ணியை அறுக்கலாம் என்று பார்க்காமல் தென்னை காய்ந்தவருக்கு நிவாரணம், வேலை போனவருக்கு அரிசி என்று மட்டும் போனால் ஆயுசுக்கும் அரிசி கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் பௌத்தத்துக்குள் இதை ஓங்கிச் சொன்னவர்கள் சிலர். வியத்நாம் போரின் நடுவே திக் நாட் ஹான் இளம் பிக்குகளையும் மாணவர்களையும் சேர்த்துச் சமூக சேவைப் பள்ளி தொடங்கினார். குண்டு விழுந்த ஊரைக் கட்டினார்கள், திரும்ப விழுந்தது, திரும்பக் கட்டினார்கள். தியானம் வேறு, தெரு வேறு இல்லை என்ற இந்த வழிக்கு ஈடுபாட்டு பௌத்தம் என்று பெயர் வந்தது. எந்தப் பக்கமும் சேராததால் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவராகி, 1966ல் ஊரைவிட்டுப் போனவர் 2005 வரை திரும்ப முடியவில்லை. இலங்கையில் ஆரியரத்ன என்ற பள்ளி ஆசிரியர் 1958ல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சாதியில் ஒதுக்கப்பட்ட கனதொலுவ என்ற கிராமத்துக்குப் போய் வேலை செய்தார். சர்வோதய சிரமதான இயக்கம் அங்கே பிறந்தது. சிரமதானம் என்றால் உழைப்பைக் கொடையாகக் கொடுப்பது. அதில் ஊர்க்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. வந்தவரும் இருப்பவரும் சேர்ந்து மண் சுமப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள்.

சேர்ந்து சாப்பிடுவது என்று சொல்லும்போதே நம் ஊரில் பேச்சு கொஞ்சம் தடுமாறும். கொங்கு நாட்டில் தானத்துக்குக் குறைச்சல் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களுக்கு வழிநெடுக மோரும் சோறும் உண்டு. வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டியின் ஒரு ரூபாய் இட்லி நாடறிந்தது. சிங்காநல்லூரில் சாந்தி சமூக சேவையின் உணவகத்தில் வயிறாரச் சாப்பிட்டு, பில்லைப் பார்த்து மலைத்திருக்கிறேன். ஆனால் இதே மண்ணில்தான் டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது. சில இடத்தில் அது பேப்பர் கப் ஆகிவிட்டது, அவ்வளவுதான். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்ததற்காகச் சங்கர் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். சோறு போடுகிற கை, பக்கத்தில் உட்கார விடாத கை, இரண்டும் பல நேரம் ஒரே ஆளுடையது.

அம்பேத்கர் கை வைத்தது இந்த இடத்தில்தான். புத்தரும் அவர் தம்மமும் என்ற அவருடைய கடைசி நூலில், கருணை மனிதர்களிடம் காட்டும் அன்பு, புத்தர் அதோடு நிற்காமல் எல்லா உயிரிடமும் மைத்ரி வேண்டும் என்றார் என்று எழுதுகிறார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடம் பெற்றேன் என்று 1954ல் வானொலியில் சொன்னார். எனக்கு விளங்கிய வரையில், மைத்ரி சமதையானவர்களுக்கு நடுவில் ஓடுவது. கருணைக்கு மேல்படி கீழ்படி இருந்துவிடலாம். மேல்படியில் நின்று குனிந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்துவிடலாம். மைத்ரியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதே 1954ல் ஈரோட்டில் பெரியார் புத்தர் மாநாடு கூட்டினார். அந்த வருடக் கடைசியில் இருவரும் பர்மாவில் நடந்த உலக பௌத்த மாநாட்டில் சந்தித்தார்கள். கடவுளே வேண்டாம் என்றவருக்குப் புத்தர் மட்டும் எப்படி ஒத்துவந்தார் என்பதற்கு விடை மேலே சொன்னதில் பாதி இருக்கிறது.

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தவர் ஒரு கேள்வியை நாக்கின் நுனியில் வைத்திருப்பார். "கருணை, மைத்ரி எல்லாஞ் சரிங்க, இலங்கையில என்ன நடந்துச்சு?" தமிழில் பௌத்தம் பற்றி எழுதுகிறவர் இதைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போக முடியாது. பவானிசாகர் முகாமில் இன்றும் ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். பக்கத்து நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களே இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்த மலையகத் தமிழர்களுக்குப் பிழைப்புக் கொடுக்க ஏற்பட்டவைதான். 1956ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புத்தரின் 2500ஆவது ஆண்டு என்று உலகம் கொண்டாடிய வருடம். ஜூனில் கொழும்பில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதற்கு முன்வரிசையில் நின்றவர்களில் காவி கட்டிய பிக்குகள் இருந்தார்கள். அக்டோபரில் நாகபுரியில் லட்சக்கணக்கான தலித்துகள் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவினார்கள். ஒரே புத்தர், ஒரே வருடம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பண்டாரநாயக்கவை மூன்று வருடம் கழித்துச் சுட்டதும் ஒரு பிக்குதான். மியன்மாரில் பிக்குகள் சிலர் ரோகிங்யா முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசியதும், 2017ல் ஏழு லட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடியதும் நம் கண்முன்னே நடந்தவை.

இதற்கு "அவர்கள் உண்மையான பௌத்தர்கள் இல்லை" என்று பதில் சொல்வது சுலபம். எனக்கு அது ஏமாற்றுவேலையாகத் தோன்றுகிறது. எல்லா மதத்துக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். என் எண்ணம் இது: தன் இனத்துக்குள் மட்டும் ஓடுகிற கருணையும் ஒரு மொய் நோட்டுத்தான், ரொம்பப் பெரிய நோட்டு. நோட்டுக்கு வெளியே இருப்பவன் மனிதனாகவே தெரிவதில்லை. இந்த ஆபத்து தெரிந்துதான் மைத்ரிப் பயிற்சிக்குப் புத்தகோசர் படி போட்டுவைத்தார்: முதலில் தன்னை நினை, பிறகு வேண்டியவரை, பிறகு வேண்டியவரும் அல்லாத, வேண்டாதவரும் அல்லாத ஒருவரை, கடைசியில் பகைவரை. நான்குக்கும் நடுவே இருக்கிற வரப்பு கரைகிற வரை பயிற்சி முடியவில்லை. மூன்றாவது படிதான் நம் கொங்குக்கு அவசரம் என்பது என் கட்சி. பகைவரையாவது நாம் நினைத்துக்கொண்டே இருக்கிறோம். நடுவில் இருக்கிறவரைத்தான் பார்ப்பதே இல்லை: பேக்கரியில் டீ கொண்டுவருகிற ஒடிசாப் பையன், மூன்று வருடம் வேலை பார்த்தால் மொத்தமாகக் கல்யாணப் பணம் என்று நூற்பாலை விடுதியில் அடைந்துகிடந்த சுமங்கலித் திட்டத்துப் பெண், விடியுமுன் சாக்கடை அள்ளிவிட்டுப் போகிறவர்.

2023 மார்ச்சில் அந்தப் பையன்களைப் பற்றி எல்லோரும் ஒரே வாரத்தில் நினைக்க வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, வேறு எதற்கோ நடந்த சண்டைகள் அவை. திருப்பூர் ரயில் நிலையத்தில் மூட்டையோடு கூட்டம். போலீஸ் இந்தியில் அறிவிப்புச் செய்தது. பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பிப் பார்த்தது. அந்த வாரம் பல கம்பெனிகளில் சூப்பர்வைசர்கள் முதல்முறையாகத் தங்கள் ஆட்களிடம் "ஊர்ல அம்மா என்ன சொல்றாங்க" என்று கேட்டார்கள். நல்வாய்மை என்று புத்தர் சொன்ன எண்வழியில் ஒன்று இருக்கிறதே, பொய், கோள், கடுஞ்சொல், வெட்டிப்பேச்சு நான்கையும் விடுவது, அதை இந்தக் காலத்தில் ஒரு வரியில் சொல்வதானால் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு அழுத்துவதற்கு முன் ஒரு மூச்சு நிறுத்துவது. கோவையில் இதன் அருமை தெரியும். 1997 கடைசியில் கலவரம், 1998 பிப்ரவரி 14ல் தொடர் குண்டுவெடிப்பு, 58 உயிர். அந்த நாட்களில் வதந்தி தந்திக் கம்பி இல்லாமலே தெருத்தெருவாக ஓடியது. 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோவில் வாசலில் கார் வெடித்தபோது, அந்தப் பகுதி ஜமாத்தார் கோவிலுக்கே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். யாரும் அதைப் பௌத்தம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

செய்முறைக்கு வந்தால் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. தைவானில் 1966ல் செங் யென் என்ற பிக்குணி முப்பது இல்லத்தரசிகளிடம், சந்தைக்குப் போகுமுன் தினம் அரைக் காசு மூங்கில் குழாயில் போடச் சொன்னார். மாதம் ஒருமுறை மொத்தமாகத் தருகிறோமே என்று கேட்டார்களாம். வேண்டாம், தினம் போட்டால்தான் தினம் அந்த நினைப்பு வரும் என்றாராம். இன்றைக்கு த்சு சீ என்ற பெயரில் உலகம் முழுக்க வேலை செய்கிறது அந்த அமைப்பு. நம் பாட்டிகள் உலை வைக்குமுன் பிடியரிசி எடுத்துத் தனிப் பானையில் போட்டதும் இதே சூத்திரம்தான். இன்னொன்று, தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது. ஒருவர் கொடுக்க ஆசைப்படும்போது இன்னொருவர் கேட்க முடியும். மூன்றாவது, வாங்கத் தெரிவது. மகாவக்கத்தில் புத்தர் நோயாளிக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்: தன் நோய் எப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லாதவன், ஒத்துக்கொள்ளாததைத் தின்பவன், மருந்து குடிக்காதவன் எல்லாம் பார்த்துக்கொள்ளக் கஷ்டமான நோயாளி. பிறருக்குச் செய்தே பழகிய குடும்பத் தலைவர்கள் படுக்கையில் விழுந்தால் இந்தப் பட்டியலில் அத்தனையும் செய்வார்கள். எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த 2020 ஏப்ரலில், மறுநாள் நாங்கள் சமையலை நிறுத்திவிட்டோம். மளிகைக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, அறைக்கு அஞ்சு கிலோ ஆட்டா, உருளைக்கிழங்கு, வெங்காயம், கடுகெண்ணெய் கிடைக்காததால் கடலெண்ணெய் என்று பை போட்டுக் கொண்டுபோனோம். செலவு தயிர் சாதத்தைவிடக் குறைவு என்பது தனிக் கதை. கடைசி அறைப் பையன் அன்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, "அண்ணா, உட்காருங்க, சாப்பிட்டுப் போங்க" என்றான். நான் வாசப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "இல்லப்பா, சாப்பிட்டாச்சு" என்றேன். காலையிலிருந்து ஒரு டீ மட்டும்தான் குடித்திருந்தேன். நோய்த்தொற்றுப் பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகக்கவசம் போட்டுக்கொண்டு அதே அண்ணனோடு அதே வண்டியில் தோள் இடிக்க உட்கார்ந்து வந்தவன் நான்.

ஒரு வாரம் கழித்து மறுபடி பை கொண்டுபோனபோது அவன் கூப்பிடவில்லை. நானாகவே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஆறு பேர் படுக்கிற அறை, உட்கார ஒரு சாக்கு விரித்தார்கள். இரண்டு ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், கடிக்க ஒரு பச்சை மிளகாய். உப்பு கொஞ்சம் தூக்கல். மூன்றாவது ரொட்டி போடட்டுமா என்று கேட்டான். போடு என்றேன்.